பின்வாசல் தளம் பேந்து போச்சு, நாங்களே பூசலாமா?

மழை ஓஞ்சு தை பொறந்தா நம்ம பகுதிக்கு வர்ற கடுதாசியில பாதி தரையப் பத்தித்தான் இருக்கும். இந்த வருசமும் அப்படித்தான், வாசல் வெடிச்சிருச்சு, பின்வாசல் உதிருது, திண்ணை வெளுத்துப் போச்சுன்னு ஒரு கட்டு சேந்திருச்சு. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, ஏழு மட்டும் எடுத்திருக்கேன். முத கேள்விக்குத்தான் பதில் நீளம், ஏன்னா அதே கேள்விய பத்துப் பேர் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க.

கேள்வி: அண்ணே, எங்க பின்வாசல்ல 12 அடிக்கு 15 அடி சிமெண்ட் தளம், மாமனார் காலத்துல போட்டது, 25 வருசம் இருக்கும். இப்ப அங்கங்க விரிசல், கூட்டுனா மாவு மாதிரி பொடி வருது, துவைக்கிற கல்லுக்கிட்ட பூராம் பாசி, ஒரு மூலையில மழைத்தண்ணி ரெண்டு நாள் நிக்குது. கொத்தனார் வந்து பாத்துட்டு எல்லாத்தையும் உடைச்சுட்டுப் புதுசா போடணும்ங்கிறாரு. எங்க வீட்டுக்காரர், சிமெண்ட்டப் பாலா கரைச்சு மேல ஊத்தித் தேச்சா போதும், நாமளே செஞ்சிரலாம்ங்கிறாரு. சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பாக்க வர்ற சொந்தக்காரங்க பூராம் எங்க வீட்லதான் தங்குவாங்க. அதுக்குள்ள முடிஞ்சிருமா?
— ஒரு வாசகி, திருநகர்

பதில்: தங்கச்சி, முடிஞ்சிரும், நீங்களே செய்யவும் செய்யலாம். ஆனா அந்தச் சிமெண்ட் பால் யோசனைய மட்டும் விட்ருங்க. நான் ஒரு மேஸ்திரிகிட்ட எடுபிடியா சேந்த புதுசுல எங்க அத்தை வீட்டு மாடியில இதத்தான் பண்ணேன், பெரிய வேலைக்காரன் மாதிரி. ரெண்டு மாசம் கண்ணாடியாட்டம் இருந்துச்சு, ஐப்பசி மழையில அப்பளம் அப்பளமா பேந்து வந்துச்சு, அத்தை இன்னைக்கும் விசேச வீட்ல எல்லார் முன்னாடியும் அதச் சொல்லிக் காட்டும். சிமெண்ட்டும் தண்ணியும் மட்டும் கலந்து மெல்லிசா ஊத்துனா காயறப்ப சுருங்கும், கீழ பழைய தளம் சுருங்காது, அதுவும் பொடியும் பாசியுமா இருக்கு, அப்ப எதைப் பிடிச்சு நிக்கும்?

அதனால மொதல்ல ஒரு நாள் பூரா கரண்டியத் தொடாம தளத்தப் பாருங்க. சின்னச் சுத்தியலோ இரும்புக் கம்பியோ எடுத்து ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கிட்டே வாங்க. கெட்டியா இருந்தா டங்குன்னு கேக்கும், அடியில விட்டுப் போயிருந்தா பொத்துன்னு பானையத் தட்டுன மாதிரி கேக்கும், அந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போடுங்க. மூணுல ஒரு பங்குக்கு மேல வட்டமாவே இருந்துச்சுன்னா கொத்தனார் சொன்னதுதான் சரி, உடைக்கத்தான் வேணும். அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னா அந்த இடத்த மட்டும் பேத்து எடுத்துட்டு மத்தத வச்சுக்கலாம்.

அடுத்து, ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலித்தீன் சீட்ட வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையோட ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலையில உரிச்சுப் பாக்கையில அடியில தண்ணி முத்து முத்தா கட்டியிருந்தா, தரை கறுத்திருந்தா, கீழ இருந்து ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். துவைக்கிற தண்ணி சரியா வெளிய போகாம மண்ணுக்குள்ள இறங்கி அங்கிட்டு இருந்து ஏறும், பெரும்பாலும் இதுதான் கத. அத மொதல்ல பாருங்க, பைப்பு ஒழுகுதா, வடிகால் அடைச்சிருக்கா, ஏன்னா பாசியும் பொடியும் அந்த ஈரம் பெத்த பிள்ளைங்க.

தண்ணி நிக்கிற மூலைக்கு வாட்டம் பாக்கணும். வெளிவாசல் தளத்துக்கு 10 அடிக்கு ஒன்றரை இஞ்சு வாட்டம் இருந்தா தண்ணி தானா ஓடும். ரசமட்டம் இல்லாட்டி ஒண்ணும் மோசமில்ல, ட்யூப்ல தண்ணி நிரப்பி ரெண்டு பேர் ரெண்டு முனையப் பிடிச்சாலே மட்டம் தெரிஞ்சு போகும்.

இப்ப வேலைக்கு வருவோம். பாசி, சோப்புக் கறை, உதிர்ற பொடி அம்புட்டையும் கம்பி பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவுங்க. அப்புறம் தளம் பூரா உளியும் சுத்தியலும் வச்சுக் கொத்திவிடுங்க, அம்மி கொத்துன மாதிரி. இடுப்பு ஒடியிற வேலைதான், ஆனா இதத் தப்பிச்சவங்க யாரும் நல்ல தளம் போட்டதில்ல. வாடகைக்கு கிரைண்டிங் மெஷின் எடுத்தா வேகமா முடியும், ஆனா அந்தத் தூசி நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதல், தண்ணி தெளிச்சுக்கிட்டே ஓட்டுங்க, எடுத்துட்டு வர்ற கடையில ஈரத்துல ஓட்டுற மெஷினான்னு கேட்டுக்கங்க, துணியக் கட்டிக்கிட்டா பத்தாது, நல்ல மாஸ்க்கா போடுங்க.

மேல போடுற பூச்சு ஒரு இஞ்சு. வாசப்படிக்கு அந்த உயரம் இடிக்காதான்னு மொதல்ல அளந்துக்கங்க. சிமெண்ட் ஒண்ணுக்கு எம் சாண்ட் மூணு. உங்க 180 சதுர அடிக்கு கணக்குப் போட்டா 4 மூட்டை சிமெண்ட்டும் 15 கன அடி மணலும் வருது, பள்ளம் மேடு இருக்கும், சிந்தும், அதனால நாலரை மூட்டையும் 17 கன அடியும் வச்சுக்கங்க. மூட்டையில போட்டிருக்க வாரத்தப் பாத்து வாங்குங்க, மூணு மாசம் தாண்டுன மூட்டையக் கடைக்காரர் தள்ளிவிடப் பாப்பாரு.

மொத்தத்தையும் ஒரே நாள்ல போட நினைக்காதீங்க, ரெண்டு பேரால ஆகாது. மூணுக்கு நாலுன்னு 12 கட்டமா நூல் பிடிச்சுப் பிரிங்க, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 4 அடி சதுரம் வரும். கட்டங்கட்டமா போட்டா விரிசல் விழுந்தாலும் கோட்டோட நிக்கும், நடுவுல ஓடாது. பழைய தளத்துல எங்க இணைப்பு இருக்கோ அதுக்கு நேரா புது கோடும் வரணும், அத மறைச்சுப் பூசினா அடுத்த வருசம் அதே இடத்துல கோடு எட்டிப் பாக்கும். ஒரு நாளைக்கு நாலு கட்டம், ஒண்ணு விட்டு ஒண்ணு.

போடுறதுக்கு மொத நாள் ராத்திரியே தளத்த நல்லா நனைச்சு விடுங்க. போடுறப்ப ஈரம் உள்ள இருக்கணும், மேல தண்ணி நிக்கக் கூடாது. எஸ்பிஆர் லேட்டக்ஸ்னு பால் மாதிரி ஒரு சரக்கு பெயிண்ட் கடையிலயே கிடைக்கும், டப்பாவுல போட்டிருக்க அளவுல சிமெண்ட்டோட குழைச்சு ஒரு கட்டத்துக்கு மட்டும் பிரஷால அடிங்க, அது காயிறதுக்குள்ள கலவையக் கொட்டிரணும். இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க, பூரா தளத்துக்கும் பிரஷ் அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிர்றாங்க. காஞ்சு போன லேட்டக்ஸ் ஒட்டாது, ஒட்டுனதையும் பிரிச்சு விட்ரும்.

கலவையில தண்ணி கம்மியா இருக்கணும், கையில பிடிச்சா கொழுக்கட்டையா நிக்கணும். கொட்டி, மட்டப்பலகையால இழுத்து, மணியாஸ் கட்டையால, அதான் கைப்பிடி வச்ச மரக்கட்டை, தேச்சு விடுங்க. கொலுறு, அதான் இரும்புக் கரண்டி, அதப் போட்டு வழுவழுன்னு தேய்க்கணும்னு கை துறுதுறுங்கும், வேணாம். மேல பளிச்சுன்னு வரட்டும்னு காஞ்ச சிமெண்ட்டத் தூவுறதும் வேணாம். கொஞ்சம் இறுகுனதும் தென்னஞ்சீமாற லேசா ஒரே பக்கமா இழுத்து விட்ருங்க. மழையில வழுக்காது, வயசானவங்க இருக்க வீட்டுக்கு அதுதான் நல்லது, கோலமாவும் நல்லா பிடிக்கும்.

நேரம்தான் முக்கியம். நம்ம மதுரை வெயில்ல பகல்ல போட்டா மேல இருக்க தண்ணி ஆவியா போயி ஒரு மணி நேரத்துல வலை மாதிரி விரிசல் விழும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஆரம்பிங்க, இல்லாட்டி வெள்ளனா எந்திரிச்சு எட்டு மணிக்குள்ள முடிங்க. மறுநாள் காலையில இருந்து சணல் சாக்க நனைச்சு மூடி, 10 நாளைக்குக் காய விடாம தண்ணி ஊத்துங்க. முன்னாடி 7 நாள் போதும்பாங்க, இப்ப கடையில கிடைக்கிறது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அதுக்கு 10 நாள் வேணும். உப்புத் தண்ணி போர் இருந்தா கலவைக்கு அத ஊத்தாதீங்க, குடிக்கிற தண்ணியே ஊத்துங்க. மாசியில ஆரம்பிச்சா பங்குனியில முடிஞ்சு முழு பலமும் ஏறிரும், அழகர் வர்றதுக்குள்ள தாராளமா பாய் விரிச்சுப் படுக்கலாம்.

கேள்வி: அய்யா, பொங்கலன்னைக்கு வாசல் சிமெண்ட் தளத்துலயே மூணு கல்ல வச்சுப் பொங்கல் வச்சோம். அரிசி போடுறப்ப படார்னு துப்பாக்கி மாதிரி வெடிச்சு அடியில தளம் சில்லு சில்லா தெறிச்சுச்சு, நல்ல வேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு சாண் அகலத்துக்குக் குழி. எங்க அம்மா கெட்ட சகுனம்னு சாப்பிடாம இருக்காங்க.
— அலங்காநல்லூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்

பதில்: அம்மாவச் சாப்பிடச் சொல்லுங்க, சகுனமெல்லாம் ஒண்ணுமில்ல. மார்கழிப் பனியிலயும் தினம் வாசத் தெளிக்கிறதுலயும் தளம் தண்ணி குடிச்சிருக்கு, மேல நெருப்பப் போட்டதும் உள்ள இருக்க ஈரம் ஆவியாகி வெளிய வர வழி இல்லாம முட்டி மோதி வெடிச்சிருக்கு. உள்ள இருக்க ஜல்லியும் சிமெண்ட்டும் சூட்டுக்கு ஒரே அளவா விரியாது, அதுவும் சேந்துக்கும். நல்ல கெட்டித் தளம்தான் இன்னும் பலமா வெடிக்கும், அதனால தளம் போட்டவர வைய வேணாம்.

குழிய நிரப்புறதுக்கு முன்னாடி ஓரத்தையெல்லாம் உளியால நேரா வெட்டிச் சதுரமாக்குங்க, ஆழம் எங்கயும் அரை இஞ்சுக்குக் குறையாம இருக்கணும். ஓரத்துல தோசை மாதிரி மெலிஞ்சு முடியிற ஒட்டு நிக்கவே நிக்காது. சூடுபட்டு வெளுத்த பகுதியத் தட்டிப் பாத்து உதிர்றதையெல்லாம் எடுத்துட்டு, நனைச்சு, மேல திருநகர் தங்கச்சிக்குச் சொன்ன அதே லேட்டக்ஸ், அதே ஒண்ணுக்கு மூணு. வர்ற வருசம் காஞ்ச மணல மூணு இஞ்சுக்குப் பரப்பி, அதுக்கு மேல செங்கல அடுக்கி அடுப்பு வைங்க. மண்ணுத்தரை மிச்சம் இருந்தா அங்கயே வைங்க, அதுல வச்ச பொங்கலுக்கு வாசனையே வேற.

கேள்வி: ரிட்டயர்டான வாத்தியார் நான். வீட்டு முற்றத்துல ஒரு நீள விரிசல், நாலு தடவை சிமெண்ட் வச்சு அடைச்சாச்சு. கோடையில திரும்பத் திறந்துக்குது, மழைக்காலத்துல தானா ஒட்டிக்கிற மாதிரி தெரியுது. அஞ்சாவது தடவையும் அடைக்கவா?
— டி.கல்லுப்பட்டி

பதில்: வாத்தியாரய்யா, நீங்களே பாதி பதிலச் சொல்லிட்டீங்க. உங்க பக்கம் கரிசல். அந்த மண்ணு மழையில உப்பும், வெயில்ல சுருங்கி வாயப் பிளக்கும், மேல இருக்க தளம் அதோட சேந்து ஏறி இறங்கும். அடிச்ச சிமெண்ட் கல்லு மாதிரி நிக்கும், அசைய மாட்டேங்கும், அதான் விட்டுப் போகுது. விரிசலுக்கு ரெண்டு பக்கமும் விரல வச்சுத் தடவிப் பாருங்க, ஒரு பக்கம் மேடாவும் ஒரு பக்கம் தாழ்வாவும் இருந்தா மேல எதப் பூசுனாலும் காசுக்குத்தான் கேடு.

இந்த விரிசல அடைக்க ரப்பர் மாதிரி இழுபடுற பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் வேணும், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில வச்சு அழுத்துவாங்களே அது. கட்டிங் மெஷின் வச்சு ஒரு விரக்கடை அகலத்துக்கு நேரா வெட்டி, தூசிய ஊதி, அடியில ஸ்பாஞ்சு கயிறு வச்சு மேல சீலன்ட். கூரைத்தண்ணி முற்றத்து ஓரத்துலயே விழுந்து மண்ணுக்குள்ள இறங்காம பைப்பு போட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்க, மண்ணு ஒரே பதத்துல இருந்தா ஆட்டம் பாதி குறைஞ்சிரும். என்னைக்காவது மொத்தமா மாத்துறதா இருந்தா ஒரே பாளமா தளம் போடாதீங்க, கெட்டியா மண்ண இறுக்கி மணல் பரப்பி பேவர் பிளாக் பதிங்க. ஏறி இறங்குனா கழட்டி மாட்டிக்கலாம்.

கேள்வி: சார், பைக் ஆயில் கறைக்கு டைல்ஸ் கழுவுற ஆசிட் ஊத்தினோம், நல்லா நுரை வந்துச்சு, கறை அப்படியே இருக்கு. மேல ப்ளீச்சிங் பவுடரையும் போட்டுத் தேக்கலாமா?
— வில்லாபுரம்

பதில்: போடாதீங்க! இதப் படிக்கிறப்ப பவுடர் கையில இருந்தா கீழ வைங்க. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் வாயு கிளம்பும், கண்ணு எரிஞ்சு மூச்சு அடைச்சு ஆஸ்பத்திரிக்குப் போற கேஸ் அது. நுரை வந்ததப் பாத்துக் கறை போகுதுன்னு நினைச்சிருப்பீங்க, நுரைச்சது ஆயில் இல்ல, உங்க தரை. சிமெண்ட்ல இருக்க சுண்ணாம்பத்தான் ஆசிட் தின்னுச்சு. எண்ணெய ஆசிட் ஒண்ணும் பண்ணாது.

இப்ப சமையல் சோடாவக் கரைச்சு ஊத்தி, அப்புறம் நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்க. காஞ்சதும் கறை மேல காஞ்ச சிமெண்ட் தூளோ சாக்பீஸ் தூளோ கனமா கொட்டி ஒரு ராத்திரி விட்டுக் கூட்டி எடுங்க, எண்ணெய உறிஞ்சிக்கிரும், பிறகு சோப்புத்தூள் போட்டுத் தேயுங்க. ஒரே தடவையில போகாது, மூணு நாலு தடவை ஆகும். என்னைக்காவது ஆசிட் ஊத்தியே ஆகணும்னா பிளாஸ்டிக் வாளியில தண்ணிய மொதல்ல ஊத்தி அதுல ஆசிட்ட ஊத்தணும், தண்ணி பத்துக்கு ஆசிட் ஒண்ணு. மாத்தி ஊத்துனா மூஞ்சியிலயே தெறிக்கும்.

கேள்வி: அண்ணா, கார் நிக்கிற வெளித் தரைக்கு எப்பாக்ஸி அடிச்சா ஷோரூம் மாதிரி வருமாமே, நாங்க ரெண்டு பிரண்ட்ஸ் சேந்து அடிக்கலாம்னு இருக்கோம்.
— ஒத்தக்கடை

பதில்: தம்பி, மேல கூரை இருக்கா? இல்லாட்டி வேணாம். எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, மஞ்சளடிச்சு மாவு பூத்துரும், மழையில வழுக்கும் வேற. வெளிய அடிக்கிற அக்ரிலிக்கோ பியூவோ பாருங்க, கொஞ்சம் நைஸ் மணலக் கலந்து அடிங்க. எதா இருந்தாலும் பாலித்தீன் சோதனைய மொதல்ல பண்ணிருங்க, ஈரத்து மேல பெயிண்ட் அடிச்சா கொப்புளம் கொப்புளமா கிளம்பும். புதுத் தளம்னா 28 நாள் முடியணும்.

கேள்வி: எங்க அப்பத்தா வீட்டுத் திண்ணை, ரெட் ஆக்சைடு தரை. ஒரு காலத்துல முகம் பாக்கலாம். இப்ப வெள்ளை வெள்ளையா பூத்து, ஓரத்துல ரெண்டு விரிசல். மேல டைல்ஸ் ஒட்டிரலாம்னு அண்ணன் சொல்றான், அப்பத்தா பேசாம அழுவுது.
— சோழவந்தான்

பதில்: அப்பத்தா பக்கம்தான் நான். அந்தத் தரையப் போட இன்னைக்கு ஆள் தேடிப் பிடிக்கிறதே பெரிய வேலை, இருக்கிறத மூடப் பாக்குறீங்களே.

வெள்ளையா பூத்தது உப்பு. ஈரம் உள்ள இருந்து உப்பக் கரைச்சுத் தூக்கிட்டு வந்து மேல விட்டுட்டு ஆவியா போகுது. உடனே தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ள போயி திரும்ப வரும். காஞ்ச பிரஷால தேச்சுக் கூட்டி வெளிய கொட்டுங்க, அப்புறம் பிழிஞ்ச ஈரத்துணியால ஒரு துடைப்பு. திண்ணையை ஒட்டிச் செடி வச்சு தினம் தண்ணி ஊத்துறீங்களா பாருங்க, கொடிக்கால் ஊராச்சே, வாய்க்கா ஈரம் சுவத்தோட ஏறுதான்னும் பாருங்க. ஆசிட் பக்கத்துலயே வரக்கூடாது, நிறமே போயிரும். விரிசலுக்கு ஆக்சைடு கலந்த சிமெண்ட் வைக்கலாம், 50 கிலோ மூட்டைக்கு ஆக்சைடு 5 கிலோவுக்கு மேல போனா பலம் போயிரும், அந்தக் கணக்குல ஒரு கிண்ணம் கலந்துக்கங்க. பழைய நிறத்தோட அச்சா சேராது, கோடு தெரியத்தான் செய்யும், தெரிஞ்சா என்ன. நல்லா காஞ்சதும் துணியில தேங்காண்ணெயத் தொட்டு லேசா துடைச்சு விடுங்க, கொஞ்சம் கொஞ்சமா மினுக்கு திரும்பும். எண்ணெய் அதிகமாயிட்டா அப்பத்தா வழுக்கி விழுந்துரும், ரொம்பக் கவனம்.

கேள்வி: மகால் தூண் மாதிரி பளபளன்னு வர சிமெண்ட்ல முட்டை வெள்ளைக்கரு கலக்கலாமா?
— செல்லூர்

பதில்: திருமலை நாயக்கர் 1636-ல கட்டுன மகால்ல இருக்கிறது செங்கலும் சுண்ணாம்பும். முட்டை வெள்ளைக்கரு சேத்துத் தேச்சாங்கன்னு சொல்றது அந்தச் சுண்ணாம்புப் பூச்சுக்கு, அதுவும் வெயில் மழை படுற தரைக்கு இல்ல, தூணுக்கும் சுவத்துக்கும். சுண்ணாம்பு காத்த இழுத்துப் பைய இறுகும், சிமெண்ட் தண்ணியக் குடிச்சு இறுகும், ரெண்டும் வேற சாதி. உங்க தளத்துக்கு 10 நாள் தண்ணி ஊத்துங்க. முட்டைய கறிதோசைக்கு வச்சுக்கங்க.